மூன்றாம் நோன்பின் நடுக்கம்

எங்கள் ஊரில் யாரும் குடிப்பதில்லை. யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். வாயில் வெற்றிலையைத் திணித்து வாடையை மறைத்துக்கொண்டு நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் குடித்தேன். சுனாமி அடித்த கிழமையில் தொடங்கி யுத்தம் முடிந்த வருடம் வரைக்கும் குடித்தேன், நடுவில் ஒரு வருடம் தவிர. காலையில் கை நடுங்காமல் இருக்க ஒரு கிளாஸ், மத்தியான ளுஹர் தொழுகைக்கு முன்னால் ஒன்று, அதற்குப் பிறகு கணக்கில்லை. ஆனால் நோன்பு மாதத்தில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. பிறை கண்டதாகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன நிமிடமே நிறுத்திவிடுவேன். அதில் எனக்குப் பெருமை. நான் முழுக்கக் கெட்டவன் இல்லை என்பதற்கு அந்த முப்பது நாளும்தான் அத்தாட்சி. எங்கள் பக்கத்தில் குடிக்கிற எல்லாரும் இப்படித்தான். பதினொரு மாதம் ஒளித்துக் குடிப்போம், தலைப்பிறையோடு வெட்டி நிறுத்துவோம். அந்தப் பெருமைதான் என்னைப் பிணம் அடக்கும் மையவாடியின் வாசல் வரைக்கும் கொண்டுபோனது. இன்றைக்கும் ஆட்கள் அதே பிழையைச் செய்கிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதுக் கரையில் ஒரு தகரக் கொட்டில். எங்கள் பக்கத்தில் கைத்தொழில்காரனைப் பாஸ் என்பார்கள், என்னையும் அப்படித்தான். படித்த பாஸ் இல்லை, கையால் பழகிய பாஸ்.

சுனாமி அடித்த மூன்றாம் நாள் செத்தவர்களின் மையத்துகளைப் பொறுக்கினோம். பொறுக்கினோம் என்றுதான் எழுத வேண்டும், வேறு சொல் எனக்குத் தெரியாது. இடிந்த சுவர்களுக்கு அடியில், சாக்கடைக் கான்களில், கம்பி வேலிகளில். நாற்றம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. ஆட்கள் வாந்தி எடுத்துவிட்டு ஓடினார்கள். என் மனைவியின் காக்கா, அண்ணன், எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார். அவர்தான் எங்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்:

“பாண்டிருப்புக்கு ஆள் அனுப்பி சாராயம் எடுங்க. துணியில நனைச்சி மூக்கில கட்டுங்க. இது மருந்துக்கு. பாவமில்ல.”

கொண்டுவந்தவன் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பு மீன்பிடிக்காரன் ஒருவன், என்னிடம் எஞ்சின் கொடுத்துத் திருத்துகிறவன். அவனும் எங்களோடு நின்று தூக்கினான். முதலில் துணியில் ஊற்றினோம். பின்னேரம் வாயில் ஊற்றினோம். மரைக்கார் கண்டார். கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் உம்மாவும் அந்த மையத்துகளில் ஒன்று. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

மற்றவர்கள் அந்த மாதத்தோடு விட்டுவிட்டார்கள். என்னால் முடியவில்லை. கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டில் என்னால் இருக்கவே முடியாது. சீமெந்து வாடை அடிக்கும் சுவருக்குள் பத்து நிமிடம் இருந்தால் எழும்பி நடப்பேன். கரைக்குப் போவேன், கரையைப் பார்க்க முடியாமல் திரும்பி வருவேன், மறுபடி போவேன். பாண்டிருப்புக்குப் போகும் பாதையில் சோதனைச் சாவடி இருந்தது. அங்கே நின்ற சிப்பாய்க்கு நான் எதற்குப் போகிறேன் என்று தெரியும். என் சாக்குப் பையைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சிரிப்பான்.

அதற்குப் பிறகு முதல் நோன்பு மாதம் வந்தது. பிறையோடு நிறுத்தினேன். இரண்டாம் நாள் கை நடுங்கியது. நோன்புக் களைப்பு என்றார்கள். அடுத்த வருட நோன்பில் மூன்று நாள் தூக்கமில்லை. கதவுக்குக் கீழால் தண்ணீர் வருவது தெரிந்தது. மகளைத் தூக்கிக் கட்டிலுக்கு மேலே நிறுத்தினேன். காலையில் தரை காய்ந்து கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த நோன்பில், மூன்றாம் நாள் அஸர் தொழுகையில், ருகூவுக்குக் குனிந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். விழுந்தேன், கை கால் இழுத்தது, நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மரைக்கார் ஓதிப் பார்க்கிற லெவ்வை ஒருவரைக் கூப்பிட்டு ஓதித் தண்ணீர் தெளிக்க வைத்தார். “ஜின் பட்டிரிக்கி” என்றார் லெவ்வை. என் மனைவி அப்போதும் தெளிவாகத்தான் இருந்தாள்.

“நோன்பு மாசத்தில ஷைத்தானையெல்லாம் விலங்கு போட்டிரிக்கி எண்டு நீங்கதானே பயான் பண்ணுற. அப்ப இது எங்கால வந்த?”

அவள் மூன்று சக்கர ஓட்டோவை எடுக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். மட்டக்களப்புப் பக்கத்து ஆள், சின்ன உருவம், சத்தமான குரல். என் கையைப் பிடித்துப் பார்த்தாராம். நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, “தண்ணி வருது, புள்ளயத் தூக்கு” என்று கத்திக்கொண்டிருந்தேனாம்.

“இவர் குடிக்கிறவரா?”

சுற்றிவர ஊர் ஆட்கள். பக்கத்துக் கட்டிலுக்கு நோயாளி பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் தெரு. ஷைத்தானைப் பற்றி லெவ்வையிடம் வாய் காட்டிய அதே மனைவி, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுச் சொன்னாள்: “இல்ல டொக்டர். இவர் ஹறாமான ஒண்டும் தொடுற ஆளில்ல. நோன்போட இரிக்காரு.”

மரைக்காரும் பக்கத்தில் நின்று, “ஓம் டொக்டர், எங்கட ஆக்கள் குடிக்கிறல்ல” என்றாராம்.

டொக்டர் கேட்டாராம்: “தலைநோன்பு எண்டைக்கு?”

“முந்தநாள்.”

“அப்ப இண்டைக்கு மூணு. உங்கட ஊரில ஒருத்தரும் குடிக்கிறல்லதான் கா. ஆனா ஒவ்வொரு வருசமும் மூணாம் நோன்பு வந்தா எனக்குக் கட்டில் காணாது. மூளைக் காய்ச்சல் எண்டு நினைச்சி நான் முதுகில ஊசி குத்துறதா, இல்ல உண்மையைச் சொல்லுறீங்களா? பிந்தினா ஆள் செத்துப்போவார்.”

மனைவி டொக்டரின் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது.

நான்கு நாள் கழித்துத்தான் எனக்குச் சுயநினைவு சரியாக வந்தது. குளிசை தந்தார்கள், நடுக்கத்தை அடக்குகிற குளிசை. முதல் நாள் கூட, பிறகு நாளுக்கு நாள் குறைத்து. அதோடு விற்றமின் ஊசி. டொக்டர் விளங்கப்படுத்தினார், நான் எனக்குத் தெரிந்த மாதிரி விளங்கிக்கொண்டேன். படகு எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது அடியில் சுழலும் விசிறியைத் தண்ணீர் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கும். அலையில் படகு தூக்கி விசிறி வெளியே வந்தால், அமுக்க ஒன்றுமில்லாமல் எஞ்சின் அலறும். அப்படியே விட்டால் உடைந்துபோகும். சாராயம்தான் அந்தத் தண்ணீர். என் மூளை மூன்று வருடமாக அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளிப் பழகியிருந்தது. நான் பிறையைக் கண்டதும் ஒரே இழுவையில் விசிறியை வெளியே தூக்கினேன். அந்தக் குளிசையின் வேலை, வேகத்தை மெல்ல மெல்லக் குறைப்பது.

“ஒவ்வொரு முறையும் இது போன முறையை விட மோசமா வரும்” என்றார். “அடுத்த நோன்புக்குக் குடியோட வந்து பிறையில நிப்பாட்டினீங்க எண்டா, நான் ஒண்டும் செய்ய ஏலாமப் போகலாம். குடிச்சிக்கிட்டு இருந்தா நோன்புக்கு ரெண்டு கிழமைக்கு முன்னால வாங்க. வானத்தப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க.”

அடுத்த கட்டிலில் ஒரு மூன்று சக்கர ஓட்டுனர் கிடந்தான். அவனுக்குத் தூள், ஹெரோயின். சுருண்டு படுத்து மூக்கொழுக அழுதுகொண்டிருந்தான். அவனுக்கும் இப்படி ஏதும் குளிசை இல்லையா என்று டொக்டரிடம் கேட்டேன். நடுக்கத்துக்கும் வயிற்றோட்டத்துக்கும் கொடுக்கலாம், தூளுக்கென்றே நாளாந்தம் அளந்து கொடுக்கிற மருந்து வெளிநாடுகளில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள், இங்கே அது கையில் இல்லை என்றார். சொல்லும்போது டொக்டருக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற டொக்டரை எனக்குப் பிடித்தது.

என் மனைவி பகலில் சோறு கொண்டுவந்தாள், பையை மூன்று மடிப்புச் சேலைத் துண்டால் சுற்றி. நான் இழுத்து விழுந்ததை விட, நோன்பு நேரத்தில் புருஷனுக்குச் சோறு கொண்டுபோவதுதான் அவளுக்கு வெட்கம்.

வீட்டுக்கு வரும்போது வேறொரு குளிசை தந்து விட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது. டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி, எனக்குத் தெரிய, என் சம்மதத்தோடுதான் தந்தார். மனைவி சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்தாள். சுபஹு தொழுகை முடிந்ததும் கையில் தருவாள்.

“விழுங்குங்க. ஆ காட்டுங்க. நாக்கத் தூக்குங்க.”

“நான் என்ன மாடா, பல்லுப் பாத்து வாங்க?”

“மாட்ட வாங்கினா வித்துப் போடலாம். நாக்கத் தூக்குங்க.”

ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். பாண்டிருப்புக்காரனின் படகில் அரைக் கிளாஸ். கால்மணி நேரத்தில் முகம் எரிந்தது, நெஞ்சு தகரத்தில் சுத்தியல் அடிப்பது போல் அடித்தது, மணலில் குப்புற விழுந்து குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி. அவன் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றினான். நான் சாகவில்லை என்று தெரிந்த பிறகு, “பாஸ், உன்ட மூஞ்சி அவிச்ச இறால் மாதிரி இருக்கு” என்றான்.

அந்தக் குளிசை என்னை நல்லவனாக்கவில்லை. ஆசை இருந்தது. கால் நிற்காமல் நடந்தது. ஆனால் குடிப்பதா விடுவதா என்று நாள் முழுக்க என்னோடு நானே சண்டை பிடிக்கத் தேவையில்லாமல் போனது. புத்தி தெளிவாக இருக்கும் சுபஹு நேரத்தில் ஒரு தடவை கையை நீட்டினால் போதும். மிச்ச நாளை குளிசை பார்த்துக்கொண்டது. கை திரும்ப வந்தது. நூல் மாதிரி மெல்லிய கம்பியைக்கூடப் பிடிக்க முடிந்தது. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், மூக்கைச் சுளிக்காமல்.

கிட்டத்தட்ட ஒரு வருடம். மறுபடி நோன்பு வந்தது, நடுக்கமில்லாமல். அந்த மாதக் கடைசியில் பள்ளிக் கஞ்சிக்கு நின்றபோது மரைக்கார் கேட்டார், நாலு பேர் காதில் விழ:

“மச்சான், எத்தின நாளைக்கு இந்தக் குளிசை? நீ குடிய அல்லாவுக்காக விட்டியா, குளிசைக்காக விட்டியா? தவ்பா எண்டு பாவத்த விட்டா ஈமானோட இரிக்கணும். இது பொய்க்கால்ல நடக்கிற மாதிரி.”

நாலு பேரும் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார்கள். எனக்கு ரோசம் வந்தது. வீட்டுக்குப் போய்க் குளிசை அட்டையை எடுத்துக் கானுக்குள் எறிந்தேன். மனைவி கத்தினாள். “நான் ஆம்புள” என்றேன். இதை விட மடத்தனமான வாக்கியம் ஒன்றை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும், இரண்டு மாதத்துக்கு மேல், தாங்கினேன். பெருநாளுக்கு அடுத்த நாள் ஒரு கிளாஸ். ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன்.

மரைக்கார் இப்போது வேறு கதை கொண்டுவந்தார். பின்கதவில் நின்று தன் தங்கச்சியிடம், என் மனைவியிடம், சொன்னது எனக்குக் கேட்டது: “அந்தக் குளிசைய எடுத்து மீன் ஆணத்தில கரைச்சிக் குடு. தெரியாமக் குடு.”

“தெரியாமக் குடுத்து, அவரு போய்க் குடிச்சா, மையத்தக் கழுவ நீங்க வருவீங்களா காக்கா? டொக்டர் அப்பவே சொன்ன, ஆள் தெரியாமக் குடுத்தா உசிரு போயிரும் எண்டு. திருட்டுத்தனமா மருந்து வைக்கிறத்துக்கு நான் சூனியக்காரி இல்ல.” பிறகு எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்: “அவரு கைய நீட்டினாத் தாறன். நீட்டாட்டி வேணா. ஆனா வீடு என்ட.”

வீடு அவளுடையதுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் போய் ஒட்டிக்கொள்கிறவன். பிடுங்கி எறிந்தால் எறிந்ததுதான்.

அந்த வருடம் யுத்தம் முடிந்தது. அன்று பெருந்தெருவில் பட்டாசு. சோதனைச் சாவடியில் வெற்றிக்காகப் பாற்சோறு கொடுத்தார்கள். அதே சிப்பாய் என் கையிலும் ஒரு துண்டு வைத்தான். அதை வைத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். வீடெல்லாம் கதவு சாத்தியிருந்தது. அந்த மீன்பிடிக்காரக் கூட்டாளி வாசலில் இருந்தான். அவனுடைய தம்பி வன்னியில், மாதக்கணக்காகச் செய்தி இல்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தான். நான் அதை வேலிக்குப் பின்னால் எறிந்துவிட்டு வந்து இருந்தேன். வெயிலுக்குள்ளேயே குடித்தோம். ஒவ்வொரு வெடிக்கும் அவன் தோள் துள்ளியது.

“உனக்குப் பரவால்ல பாஸ்” என்றான் ஒரு கட்டத்தில். “நோன்பு வரும், நிப்பாட்டுவாய். வருசத்தில ஒரு மாசம் லீவு. எனக்கு என்ன வரும்?”

“இந்த முறை எனக்கு மௌத்து வரும்.”

அவன் சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டான். இந்த முறை செத்துப்போகலாம் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். கிளாஸை மணலில் வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினான்.

“அப்ப மூணு மாசம் இருக்கு உனக்கு. முன்னால போய்ப் படு. நான் சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போறன்.”

அந்த மூன்று மாதமும் நான் எங்கேயும் நிலையாக இருக்கவில்லை. தினமும் வானத்தைப் பார்த்தேன். ரஜப் முடிந்தது, நோன்புக்கு முந்தின மாதமான ஷஃபான் பிறந்தது. குறைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் விரல் நடுங்கி ஸ்பானர் எஞ்சினுக்குள் விழுந்தது. மறுபடி குடித்தேன். குடித்தாலும் சாவு, நிறுத்தினாலும் சாவு என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் இருப்பவனுக்குப் புத்திமதி சொல்ல வருகிறவனை அடிக்கத்தான் தோன்றும்.

வந்தவர் மரைக்கார். கொட்டிலுக்கே வந்தார்.

“இன்னும் ரெண்டு கிழமதானே மச்சான். தலைப்பிறையோட நிப்பாட்டு. எல்லாத்தையும் நோன்பு பாத்துக்கும். ஆஸ்பத்திரி அது இது எண்டு போய் எங்கட மானத்த வாங்காத.”

கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

“மையத்துப் பொறுக்கின அண்டைக்குச் சாராயம் எடுக்கச் சொன்னது நீங்க. மருந்துக்கு, பாவமில்ல எண்டீங்க. நீங்க சொன்னத்த நான் செஞ்சன். சாராயம் மருந்து எண்டா இந்தக் குளிசை என்னத்துக்கு மருந்து இல்ல? அதச் சொல்லிப்போட்டுப் போங்க.”

அவர் அன்று போலவே முகத்தைத் திருப்பினார். ஆனால் போகவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, “எனக்கும் அந்த நாத்தம் இன்னும் போகல்ல” என்றார். பிறகு போனார். அவரை நான் மன்னிக்கவில்லை. அதற்காக அவர் சொன்னதை எழுதாமல் விடவும் முடியாது.

அன்று மாலை வீட்டில் மனைவிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன். நடுங்கிக்கொண்டிருந்த கை.

“இப்ப தர ஏலா” என்றாள். “ஒங்களுக்குள்ள சாராயம் இரிக்கி. முதல்ல ஆஸ்பத்திரி.”

காலையில் பாண்டிருப்புக்காரன் சைக்கிளோடு வந்து நின்றான். நாலு வீட்டுக் கதவு திறந்து பார்த்தது. மனைவி மூன்று சக்கரத்தில் பின்னால் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உட்காரும் வாங்குகள் நிறைய எங்கள் ஊர் ஆட்கள். அதே டொக்டர், அதே குரல்.

“கடைசியா எப்ப குடிச்சீங்க?”

“இண்டைக்குக் காலையில” என்றேன். குரல் நான் நினைத்ததை விடப் பெரிதாக வந்தது. வாங்கில் இருந்த இரண்டு பேர் தொப்பியைச் சரிசெய்தார்கள்.

“எவ்வளவு?”

நான் யோசிக்கும் முன்னால் என் மனைவி சொன்னாள், முக்காட்டை இழுக்காமல்: “கால் போத்தல். நேத்து முழுப் போத்தல். நான் போத்தலப் பாத்தன்.”

டொக்டர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

பத்து நாள் கிடந்தேன். நடுக்கம் வந்தது, வியர்வை வந்தது, தண்ணீர் வரவில்லை. அளந்து தந்தார்கள், அளந்து குறைத்தார்கள். பிறை கண்ட அறிவிப்பு வந்தபோது நான் வீட்டில் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நோன்பன்று கொட்டிலுக்குப் போனேன். எஞ்சின் ஒன்றைப் பிரித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் கையை நீட்டிப் பார்த்தேன். ளுஹர் போனது. அஸருக்குப் பள்ளிக்குப் போனேன், ருகூ வந்தது. குனிந்தேன். நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்றவர் மரைக்கார். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது என் கையைத்தான் பார்த்தார்.

சுபஹு முடிந்ததும், நோன்பென்றால் விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு, இன்னும் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். பாண்டிருப்புக்காரன் இன்னும் குடிக்கிறான். வா என்றால், வாறன் என்கிறான், வருவதில்லை. அவனுக்குப் பிறை இல்லை, அதனால் எந்த நாளும் போகலாம், அதனால் எந்த நாளும் போவதில்லை.

ஆனால் ஷஃபான் பிறந்தால் எங்கள் ஊர் ஆட்கள் கொட்டிலுக்கு வருகிறார்கள். எஞ்சினில் பழுதில்லை. படகே இல்லாத ஆட்களும் உண்டு. வந்து நின்று, இந்த ஆணி என்ன விலை, அந்த ஒயில் நல்லதா என்று சும்மா கதைப்பார்கள். நான் அவர்களின் விரல்களைப் பார்ப்பேன்.

“எப்ப கடைசியா?” என்று கேட்பேன்.

யாரும் குடிப்பதில்லைதான். சைக்கிளை எடுத்து, பின்னால் ஏறச் சொல்வேன்.